தேரிக்காட்டிலிருந்து ஓர் இனம்: மேசைக் கதையாட்டத்துக்குப் புது இனம் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

மேசைக் கதையாட்டம் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக முடிவெடுத்துப் பகடை உருட்டி ஆடுவது. அந்த ஆட்டத்துக்குப் புது இனம் ஒன்றை எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் முதலில் படம் வரைகிறார்கள். கொம்பு, வால், நீலத் தோல். அடுத்து ஒரு குணம்: கோபக்காரர்கள், பேராசைக்காரர்கள், மானத்துக்கு உயிரை விடுபவர்கள். பிறகு ஒரு தொழில், அது அநேகமாகப் போர். வேலை முடிந்தது என்று தாளை மடித்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையை ஏற்கவில்லை. விளையாடத்தக்க ஓர் இனம் என்பது ஒரு நிலத்தில் பிழைக்கப் பழகிய உடல். மனித உடலுக்குக் கிடைக்காத ஏதோ ஒரு முடிவை எடுக்கும் வாய்ப்பை அந்த உடல் ஆட்டக்காரருக்குத் தர வேண்டும். குணமும் தொழிலும் ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பவை. பிறப்பிலேயே அவற்றை எழுதி வைக்கக் கூடாது.

திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்னாருக்குப் பிறந்தவன் இன்ன வேலைதான் செய்வான், அவன் புத்தி அப்படித்தான் இருக்கும் என்ற பேச்சு இங்கே எவ்வளவு ரத்தம் குடித்திருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. விளையாட்டுக்கென்று உட்கார்ந்து அதையே விதியாக எழுதிவிடக் கூடாது.

ஆனால் இந்த ஆட்டங்கள் தொடங்கியதே அப்படித்தான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பில் குள்ளர் இனத்தில் பிறந்தவர் போர்வீரராக மட்டுமே ஆக முடியும். அதிலும் ஆறாம் வளர்ச்சி நிலையைத் தாண்ட முடியாது. 1981-இல் வந்த அடிப்படைப் பதிப்பில் எல்ஃப் என்ற கற்பனை இனமே ஒரு தொழில். எல்ஃபாகப் பிறந்தால் எல்ஃப் வேலை பார்க்க வேண்டியதுதான். எந்த இனத்தவரும் எந்தத் தொழிலையும் தடையின்றி எடுக்கலாம் என்று ஆனது 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில். 2014-இன் ஐந்தாம் பதிப்பில்கூட வலிமை, அறிவு போன்ற ஆற்றல் எண்களுக்கான கூடுதல் புள்ளிகள் இனத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் புள்ளிகளை விருப்பப்படி இடம் மாற்றலாம் என்று 2020-இல் ஒரு துணைநூல் அனுமதித்தது. 2024 விதிநூல் அவற்றைப் பாத்திரத்தின் வளர்ப்புப் பின்னணிக்கே மாற்றிவிட்டது. ஐம்பது ஆண்டு எடுத்திருக்கிறது. நாம் அந்த ஐம்பதாம் ஆண்டிலிருந்து தொடங்கலாம்.

கீழே வரும் எண்கள் ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்துபவை. இருபது முகப் பகடை, அடிக்கணக்கில் தூரம், நிலை 1 முதல் 20 வரை. வேறு ஆட்டம் ஆடுபவர்கள் எண்ணை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

பழைய திருநெல்வேலி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிவதற்கு முந்தைய வரைபடம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 125 கிலோமீட்டர்தான். அதற்குள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எல்லாம் வந்துவிடுகின்றன. பாலை எங்கே என்று கேட்பவரைத் திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுக்கு அழைத்துப்போனால் போதும். ஒரே உலகத்தில் ஐந்து நிலம் வைக்க இவ்வளவு வசதியான வரைபடத்தை யாரும் கற்பனையில் போட்டுவிட முடியாது. ஆனாலும் நம்மவர்கள் எழுதும் ஆட்டங்களில் பனி மலையும் பைன் மரமும்தான் வருகின்றன. அலுப்பாக இருக்கிறது.

நிலத்தின் பெயரை எழுதினால் போதாது. அங்கே உயிர் வாழ எது தடை என்று எழுத வேண்டும். தேரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புத் துரு ஏறிய சிவப்பு மணல்மேடுகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் இடம் மாறும். நேற்றுப் போன தடம் இன்று இருக்காது. பெய்யும் மழை மேலே தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். அதே காரணத்தால் அடியில் நீர் உண்டு. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போனவர்கள் மணலுக்கு நடுவே சுனையைப் பார்த்திருப்பார்கள். பனையும் முந்திரியும் நிற்கும். நடுப்பகலில் மணல் காலைச் சுடும்.

இதிலிருந்து மூன்று தடைகளை எடுத்துக்கொள்கிறேன்: பாதை நிலையில்லை, கண்ணில் மணல் விழுகிறது, நீர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது. மூன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஐந்து தடையை எடுத்தால் ஐந்து திறன் வரும். மேசையில் அவை எவருக்கும் நினைவில் நிற்காது.

இரண்டாம் படி: தடைக்கு விடையாக உடல்

ஒவ்வொரு தடைக்கும் உடல் என்ன பதில் சொல்லும்? தேரியர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அகன்ற பாதம், மணலில் புதையாது. கண்ணுக்கு மேல் இரண்டாவதாக ஒரு மெல்லிய இமை. கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டிய நாள்கள் அதிகம் என்பதால் உள்ளங்காலே கண்ணாகிவிட்டது. மண்ணில் எழும் அதிர்வைக் கால் வாங்கிக்கொள்கிறது. கீழே நீர் ஓடினாலும் கால் அறியும்.

உயரம், எடை, ஆயுள் மூன்றையும் மனிதருக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள். ஆயுளை எழுநூறு ஆண்டு என்று வைத்தால், இருநூறு வயதானவருக்கு ஏன் இன்னும் வாள் பிடிக்கத் தெரியவில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் தேட வேண்டிவரும்.

மூன்றாம் படி: உடலை விதியாக்குவது

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். எளிய கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: தன் முறை வரும்போது, இந்த இனத்தின் ஆட்டக்காரர் என்ன செய்வதாகச் சொல்வார்? மனிதராக ஆடுபவரும் அதையே சொல்ல முடியுமென்றால் அந்தத் திறன் வெறும் அலங்காரம். 'வெப்பத்தைத் தாங்குவார்' என்பது அலங்காரம். ஆட்டத்தை நடத்துபவர் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது தாளில் தூங்கும். 'செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை ஊன்றுகிறேன், 30 அடிக்குள் யார் நடக்கிறார்கள்?' என்பது திறன். ஆட்டக்காரர் வாய் திறந்து கேட்கிறார், நடத்துபவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, கதை நகர்கிறது.

இதற்குக் காலறிவு என்று பெயர் வைப்போம். இதில் வரம்புகள்தான் உயிர். 60 அடி என்றும், எந்தத் தளத்திலும் வேலை செய்யும் என்றும் வைத்தால் பதுங்கியிருக்கும் எதிரி என்று ஒருவர் உலகத்திலேயே இருக்க முடியாது. நடத்துபவர் தயாரித்து வந்த பாதி இரவு வீணாகும். ஆகவே நான்கு வேலிகள். 30 அடி மட்டும். வெறுங்கால் மண்ணையோ மணலையோ தொட வேண்டும். அசைபவர் மட்டும் தெரிவார். மூச்சடக்கி நிற்பவர் தப்பிவிடுவார். கல் தளம், மரப்பலகை, படகு ஆகியவற்றின் மேல் ஒன்றும் தெரியாது.

இந்த வேலிகள் என்ன செய்கின்றன என்பதை மேசையில் பார்க்க வேண்டும். பாழடைந்த மண்டபம், இரவு, உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

"செருப்பைக் கழற்றுகிறேன்."

"கல் பாவிய தளம், தம்பி. ஒன்றும் தெரியாது."

"அப்படியானால் படியிறங்கி முற்றத்து மணலில் நிற்கிறேன், அண்ணாச்சி."

"நிற்கலாம். முற்றத்தில் நிலா வெளிச்சம். உள்ளே இருப்பவனுக்கு நீ தெரிவாய்."

பையன் ஒரு நிமிடம் யோசித்தான். பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடச் சொன்னான். திறன் தகவலைச் சும்மா கொடுக்கவில்லை, விலை கேட்டது. விலை கேட்டதும் அவன் திட்டம் போட ஆரம்பித்தான். உங்கள் இனத்தின் முதன்மைத் திறன் இப்படி ஒரு பேரத்தை உண்டாக்கவில்லையென்றால் திரும்ப எழுதுங்கள்.

முதன்மைத் திறன் ஒன்று எப்போதும் இயங்கும். இரண்டாவது, ஓய்வெடுத்தால் மீளும் திறனாக இருக்கட்டும். தேரியருக்கு மணல் மூடல்: தன் முறையில் செய்யக் கிடைக்கும் ஒரு செயலைச் செலவிட்டு மணலுக்குள் தன்னைப் புதைத்துக்கொள்ளலாம், பத்து நிமிடம் வரை. எழுந்து தாக்கும் முதல் தாக்குதலுக்கு அனுகூலம் (பொருள் அடுத்த படியில்). ஒரு மணி நேரக் குறு ஓய்வுக்குப் பிறகே மறுபடி செய்யலாம். மூன்றாவது சின்னது: மணலில் நடப்பது கடின நிலமாகக் கணக்காகாது. மற்றவர்கள் ஓர் அடிக்கு இரண்டு அடியாகச் செலவிடும்போது தேரியர் ஒன்றையே செலவிடுவார்.

நான்காம் படி: எடை போடுதல்

அனுகூலம் என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது. இதன் மதிப்பைப் புதியவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகிறது. அதாவது +5 கொடுத்ததற்குச் சமம். 20 விழுந்தே ஆக வேண்டிய இடத்தில் 5 சதவீதம் ஏறத்தாழ 10 ஆகிறது, +1 கொடுத்த அளவுதான். சராசரி 10.5 என்பது 13.8 ஆக உயர்கிறது. எனவே நடுத்தரச் சவால்களில்தான் அனுகூலம் மிகக் கனமானது. அதை எப்போதும் இயங்கும் திறனாக வைக்காதீர்கள். 'எல்லாத் தாக்குதலுக்கும் அனுகூலம்' என்று எழுதிய தாளை நான் வாசிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அளவுகோலாக 2014 விதிநூலின் இனங்களையே வைத்துக்கொள்ளலாம். பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டும் ஹாஃப்லிங்கின் அதிர்ஷ்டம்; நெடு ஓய்வுக்கு (ஓர் இரவுத் தூக்கம்) ஒருமுறை, வீழ வேண்டிய நேரத்தில் ஓர் உயிர்ப்புள்ளியோடு நிற்கும் ஹாஃப்-ஆர்க்கின் பிடிவாதம். உங்கள் திறன் இவற்றைவிடக் கண்ணை உறுத்துகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமான புள்ளிக் கணக்குகள் இணையத்தில் உலவுகின்றன. அவற்றை நான் நம்புவதில்லை. ஒரு திறனின் எடை அது எந்த நிலத்தில் ஆடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. மணல் மூடல் கப்பல் பயணக் கதையில் பூஜ்யம்.

பறத்தல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறகுள்ள இனம் எழுதாத ஆளே இல்லை. பறக்கும் இனமான ஆராகோக்ராவுக்கு முதல் நிலையிலேயே 50 அடி பறக்கும் வேகம் கொடுத்தார்கள். வில்லை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டால் கீழே வாளோடு நிற்கும் கொள்ளையர் வேடிக்கைதான் பார்க்க முடியும். பள்ளம், மதில், ஆறு எல்லாம் பொருளிழக்கின்றன. முதல் நிலையில் பறக்க விடாத நடத்துநர்கள் பலர். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதற்காகப் பறவையை விட்டுவிட வேண்டாம். கூந்தன்குளம் ஊருக்குள் போனால் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். கூழைக்கடாவிடம் இறக்கையைவிட நல்ல சரக்கு அதன் தொண்டைப் பை. கூழையர் என்ற இனத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள். இறங்க மட்டும் சிறகு. ஓர் அடி இறங்கும்போது இரண்டு அடி முன்னே மிதக்கலாம், விழுந்தால் காயமில்லை. மேலே ஏறுவதற்கு எல்லாரையும்போல மரத்தைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். தொண்டைப் பையில் இரண்டு படி அரிசி கொள்ளும் அளவுக்குப் பொருளை மறைக்கலாம். ஆனால் பை நிறைந்திருக்கும்போது பேச முடியாது. வாயால் சொல்ல வேண்டிய மந்திரமும் போட முடியாது. சாவிக்கொத்தைத் திருடி வாய்க்குள் போட்டுக்கொண்ட கூழையரைக் காவலன் நிறுத்தி 'உன் பெயர் என்ன?' என்று கேட்கும் காட்சிக்கு எவரும் முன்கூட்டி உரையாடல் எழுதத் தேவையில்லை.

ஐந்தாம் படி: குறை வைப்பது, வைக்காமல் விடுவது

குறை என்பது தண்டனை அல்ல. 2016-இல் வந்த கோபோல்ட் இனம் நல்ல பாடம். கூட்டாளி பக்கத்தில் நின்றால் தாக்குதலுக்கு அனுகூலம்; வெயிலில் நின்றால் பிரதிகூலம், அதாவது இரண்டு பகடையில் சிறியதை எடுப்பது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே பகலில் சாதாரண ஆளாகவும் இருட்டுக் குகையில் கட்டுமீறிய ஆளாகவும் ஆனது. ஆட்டக்காரரின் முடிவு இதில் எங்குமே இல்லை. நேரமும் இடமும் முடிவெடுத்தன. நல்ல குறை, தவிர்க்க முடிகிற ஆனால் தவிர்ப்பதற்குச் செலவாகிற குறை. தேரியரின் உள்ளங்கால் நீரில் ஊறினால் அடுத்த குறு ஓய்வு வரை காலறிவு இயங்காது என்று வைத்தால் போதும். ஆற்றை நீந்திக் கடப்பதா, சுற்றிப் போய்ப் பாலத்தில் கடப்பதா? பாலத்தில் காவல் இருக்கிறது. முடிவு அவர் கையில்.

காலறிவுக்கு ஏற்கெனவே நான்கு வேலி போட்டுவிட்டதால், இதற்கு மேல் குறை வேண்டாம்.

ஆறாம் படி: வாழ்க்கை

உடல் எல்லாத் தேரியருக்கும் ஒன்றுதான். வாழ்க்கை ஒன்றாக இருக்கத் தேவையில்லை. மணல்மேட்டில் பனையேறிக் கருப்பட்டி காய்ச்சும் தேரியர் ஊர் ஒன்று இருக்கலாம். ஆற்றங்கரைப் பட்டணத்தில் மூன்று தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணிக்கும் தேரியர் தெரு ஒன்றும் இருக்கலாம். பட்டணத்துத் தேரியருக்கு வெறுங்காலோடு நடப்பது வெட்கமாக இருக்கலாம். இப்படி இரண்டு இடங்களையாவது எழுதுங்கள். ஒரே இடத்தை எழுதினால் ஆட்டக்காரர் அதையே இனத்தின் குணமாக எடுத்துக்கொள்வார்.

இனங்களுக்கு இடையே பகை வேண்டுமென்றால் பேசித் தீர்க்கக்கூடிய காரணத்தைக் கொடுங்கள். 'ஆயிரமாண்டுப் பகை' என்று எழுதுவது சோம்பேறித்தனம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், கடைசி ஸ்ரீவைகுண்டத்தில். மேலே மடையைத் திறந்து வைத்தால் கடைமடைக்கு நீர் வராது. அதைத் தூக்கி அப்படியே உங்கள் உலகில் வையுங்கள். மலையடிவாரத்தார் இரண்டு போகம் பயிர் செய்கிறார்கள், கடைமடையார் ஒன்றுக்கே வானம் பார்க்கிறார்கள், கீழே எங்கே நீர் ஓடுகிறது என்று தேரியரின் காலுக்கு மட்டும் தெரியும். இப்போது தேரியருக்கு அரசியல் வந்துவிட்டது. அவரை இருதரப்பும் விலைக்குக் கேட்கும்.

பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பெயரைக் கேட்டே ஆளை எடைபோடும் பழக்கம் இருக்கிறது. உண்மையான பட்டப்பெயர்களையும் குலப்பெயர் விகுதிகளையும் எந்த இனத்துக்கும் மாட்டிவிடாதீர்கள். தேரியர் பிறந்த நாளின் காற்றை வைத்துப் பெயரிடுவார்கள் என்று வைத்தால் வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று தொடங்கலாம். பேச்சுக்கு ஒரு பழக்கம் போதும். ஓர் இனம் மட்டும் நெல்லை வட்டார வழக்கில் பேசி மற்றவர்கள் நூல் தமிழில் பேசினால், பேசுபவர் கோமாளியாகிவிடுவார். அந்த உலகத்தில் எல்லாரும் வட்டார வழக்கில் பேசட்டும், அல்லது எவரும் வேண்டாம்.

தொடக் கூடாத இரண்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் ஆற்றல் எண் போட்டு விளையாடும் இனமாக்காதீர்கள். கொடை எடுத்து, வில்லுப்பாட்டுக் கேட்டு, நேர்ந்துகொண்டு வாழும் குடும்பங்களின் தெய்வம் அவை. மேசையில் இருக்கும் நால்வரில் ஒருவரின் குலதெய்வமாகவே இருக்கலாம். அதேபோல், பொதிகை மலையில் வாழும் காணி மக்களைக் காதைக் கூராக்கிக் 'காட்டு இனம்' ஆக்குவதும் வேண்டாம். அவர்கள் நிஜ மனிதர்கள். மலைக்கு வேறு உடலைக் கற்பனை செய்யுங்கள். சாரலும் அட்டையும் மூங்கிலும் போதிய தடைகள் தரும்.

ஏழாம் படி: தாளில் எழுதுதல்

ஆட்டக்காரரின் கைக்குப் போகும் தாள் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. தேரியருக்கான தாள் இது:

தேரியர். உயரம் ஐந்து அடி வரை. ஆயுள் மனிதரைப் போல. வேகம் 30 அடி. ஆற்றல் எண் கூடுதல்: ஒன்றுக்கு +2, வேறொன்றுக்கு +1, ஆட்டக்காரர் விருப்பம்.
காலறிவு: வெறுங்கால் மண்ணிலோ மணலிலோ இருக்கும்போது, தரையைத் தொட்டு அசையும் எதையும் 30 அடிக்குள் இடம் அறியலாம். கல், மரம், படகு மேல் இயங்காது. கால் நீரில் ஊறினால், அடுத்த குறு ஓய்வு வரை இயங்காது.
மணல் மூடல்: ஒரு செயல். மணலில் அல்லது இளகிய மண்ணில் பத்து நிமிடம் வரை புதைந்திருக்கலாம். வெளிவந்து செய்யும் முதல் தாக்குதலுக்கு அனுகூலம். குறு ஓய்வில் மீளும்.
மணல்நடை: மணல் கடின நிலமாகாது.

இதில் யார், எது, எவ்வளவு நேரம், எப்போது மீளும் என்பவை மட்டுமே இருக்கின்றன. வரலாறும் பாட்டி கதையும் வேறு தாளில். விதி வாக்கியத்துக்குள் வர்ணனையைக் கலந்தால், இரவு பதினோரு மணிக்கு 'மணலின் மடியில் ஒன்றிவிடுவார்' என்றால் எதிரிக்குத் தெரியுமா தெரியாதா என்று வாக்குவாதம் வரும்.

எட்டாம் படி: சோதனை

எழுதியவரே அந்த இனத்தை எடுத்து ஆடினால் சோதனையாகாது. தாளை மற்றொருவரிடம் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று காட்சி நடத்துங்கள்: திறன் முழுதாக இயங்கும் இடம், பாதி இயங்கும் இடம், சுத்தமாக இயங்காத இடம். தேரியருக்கு முறையே மணல்மேடு, மண்டபமும் முற்றமும், நடுக்கடல் தோணி. மூன்றாவது காட்சியில் ஆட்டக்காரர் சலித்துப்போய்க் கைப்பேசியை எடுத்தால் இனத்தில் இன்னொரு திறன் தேவை. அல்லது உங்கள் கதையில் கடல் அதிகம். முதல் காட்சியில் மற்ற மூவரும் கைகட்டி உட்கார்ந்திருந்தால் தூரத்தை 20 அடியாக வெட்டுங்கள். தாளைப் பார்த்து யாராவது ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் அந்த வாக்கியம் மோசம், கேட்டவர் அல்ல.

அதே தாளைக் கொண்டு வேறு தொழில்களையும் ஒட்டிப் பாருங்கள். தேரியரில் திருடன், வைத்தியர், மந்திரவாதி, பாணர் என நான்கு பேரை உருவாக்கி, நால்வரும் காலறிவை வெவ்வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்களா என்று கவனியுங்கள். திருடன் காவலரின் சுற்றைக் கணக்கிடுவார், வைத்தியர் இடிந்த சுவருக்கு அடியில் புதைந்தவர் எங்கே அசைகிறார் என்று தேடுவார். திருடருக்கு மட்டுமே பயன்பட்டால் நீங்கள் இனம் எழுதவில்லை, மறைமுகமாக ஒரு தொழிலைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வெளியிட விரும்பினால் ஒரு நடைமுறைச் செய்தி. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. அதிலுள்ள விதிகளைத் தமிழில் எழுதலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உரிமம் கேட்கும் நன்றிக் குறிப்பை மட்டும் சேர்க்க வேண்டும். அந்தத் தொகுப்பில் இல்லாத இனங்களையும் அசுரர்களையும் அப்படியே எடுத்துப் போடக் கூடாது. தேரியரும் கூழையரும் அதில் இல்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு மாற்றி ஆடலாம்.